கிண்ணத்தில் போட்ட மாத்திரை

நாற்பத்தொரு நாள். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். பெயின்டருக்குக் கடைசியாக வலிப்பு வந்து அத்தனை நாள் ஆகியிருந்தது.

ஜெபத்தால் சுகமானான் என்றது சபை. தினம் காலையில் ஒரு மாத்திரை கொடுத்தது அவன் மனைவி. தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். எங்கள் தொழிற்சங்கத்தில் அவள் காலர் அக்கா. கம்பெனி வாசல் கூட்டத்தில் ஒரு கோஷம் போட்டதில்லை. வேலைநிறுத்தம் என்றால் கடைசி நாள்வரை நின்றவள். சபையிலும் அதே கதை. கையை உயர்த்த மாட்டாள், அழ மாட்டாள், உதடு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். "ஊமை சிஸ்டர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். தொண்டையை வைத்து ஆளை அளப்பவர்களை நான் இரண்டு இடத்திலும் பார்த்தாயிற்று.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். சுகமானவர் தன் மருந்தை மேடையில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் போட வேண்டும். வீட்டார் சாட்சி சொல்ல வேண்டும். வரும் ஞாயிறு பெயின்டரின் முறை என்று போதகர் அறிவித்துவிட்டார். திங்கள் காலை அவனுக்கு ஏழாம் மாடிச் சாரத்தில் வேலை.

சனிக்கிழமை அவள் மூன்று காலரைத் தலைகீழாகத் தைத்தாள். சாயங்காலம் அவனிடம் கேட்டேவிட்டாள்.

"மாத்திரைய நிறுத்தாம சாட்சி சொல்லக் கூடாதா?"

"அதுக்குப் பேரு சாட்சியாடி? எல்லாரும் என்ன நோயாளி மாதிரியே பாக்குறாங்க. ஒரு நாளாச்சும் மேடையில நிமிந்து நிக்கிறேனே!"

"மேடையில நில்லுங்க. சாரத்துலேர்ந்து விழுந்துடாதீங்க."

"வாயக் கழுவு!"

ஞாயிற்றுக்கிழமை பெயின்டர் பிரிக்காத மாத்திரை அட்டை ஒன்றைக் கிண்ணத்தில் போட்டான். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. போதகர் மைக்கை அவளிடம் நீட்டினார்.

"சொல்லுங்கம்மா, கர்த்தர் என்ன செஞ்சாரு?"

அவள் வாயோடு ஒட்டிப் பிடித்ததில் மைக் கீச்சிட்டது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"நாப்பத்தோரு நாளும் ஜெபம் பண்ணித்தான் மாத்திர குடுத்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நிறுத்துனா இவரு விழுந்துருவாரோன்னு பயமாருக்கு. அந்தப் பயத்தையும் கர்த்தர்கிட்டதான் சொன்னேன். சுகமாயிட்டாருன்னு பொய் சொல்ல என்னால முடியல."

கிண்ணத்தில் கையை விட்டு அட்டையை எடுத்துக்கொண்டாள்.

பழக்கதோஷத்தில் ஒருவர் "அல்லேலூயா!" என்று கத்திவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துத் தலை குனிந்துகொண்டார்.

"சிஸ்டருக்கு விசுவாசம் பத்தல. அவங்களுக்காக ஜெபிப்போம்" என்றார் போதகர்.

வீடு வரைக்கும் பெயின்டர் பத்தடி முன்னாலேயே நடந்தான். கதவைத் திறக்கும்போது சொன்னான்: "மானத்த வாங்கிட்டே."

வற்புறுத்தினால் வீம்புக்கென்றே வீசிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். அட்டையைத் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

திங்கள் காலை அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவன் கிளம்பிப் போயிருந்தான். அட்டை வைத்த இடத்திலேயே கிடந்தது. கிட்டே போகக் கால் வரவில்லை. துண்டைக் காயப்போட்டாள். அடுப்பைத் துடைத்தாள். பிறகு கையில் எடுத்தாள். பத்து மாத்திரை கொண்ட அட்டை. விரலை வைத்து எண்ணினாள்.

ஒன்பது.