சாமியிடம் சொன்ன விபத்து

போன செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி வார்டில் ஒரு மனிதரை ஓங்கி அறைந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. அவர் கையில் திருநீறுப் பொட்டலம் இருந்தது. அதனால் தப்பித்தார்.

எங்கள் மண்ணூர்பேட்டை வீட்டின் கீழ்ப் போர்ஷனில் இருப்பவர்கள் செல்வியும் அவள் கணவன் குமாரும். குமாருக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் மெஷின் வேலை. தகட்டை உள்ளே வைத்தால் மெஷின் இறங்கி அழுத்தும், எடுக்க வேண்டும். திங்கட்கிழமை காலை, கையை எடுப்பதற்குள் மறுபடி இறங்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

அந்தப் பட்டறையில் பக்திக்குக் குறைச்சலே கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமல் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், கற்பூரம், எலுமிச்சம்பழம்... எல்லாம் உண்டு. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தும் சென்சார்தான் இல்லை. முன்பு இருந்தது — வேலை மெதுவாகிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்கள். எலுமிச்சம்பழத்தை மட்டும் யாரும் கழற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை முதலாளி பார்க்க வந்தார். திருநீற்றை நீட்டினார். குமார் பெயருக்கு அர்ச்சனை செய்ததாகச் சொன்னார். பிறகு செல்வியிடம் குரலைத் தணித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"பாரத்த சாமி மேல போடும்மா. டாக்டர் கேட்டா, ஊட்ல கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு."

குமாரைக் கொண்டுவந்து சேர்த்த சூப்பர்வைசரும் ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படித்தான் எழுதவைத்திருந்தார். டாக்டருக்குச் சந்தேகம். குமார் மருந்து மயக்கத்தில் கிடந்ததால், மனைவியிடமே கேட்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவள் தலையாட்டினால் போதும், விபத்து வீட்டுக் கணக்கில் போய்விடும். பட்டறைக்குப் பொறுப்பே இல்லை. குமாருக்கு நாதியே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்சாரைக் கழற்றும்போது சாமியைக் கேட்டாரா இந்த மனுஷர்? மாட்டிக்கொண்ட பிறகு மட்டும் பாரம் சாமி தலையிலா?

நான் மட்டும் என்ன ஒழுங்கு? முதல் நாள், "கடவுள் கைவிட மாட்டார்மா" என்று செல்வியிடம் சொல்லிவிட்டு நேராகக் காபி குடிக்கப் போனவன்தானே!

செல்வியோ திங்கட்கிழமையிலிருந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து முணுமுணுவென்று வேண்டிக்கொண்டே இருந்தாள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. முதலாளி சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. சத்தம் போடவில்லை.

"நேத்துலேர்ந்து சாமியாண்ட, பிரஸ்ல மாட்ன கை, காப்பாத்துன்னு வேண்டிக்கினு கீறேன் மொதலாளி. இப்ப கிரைண்டர்னு மாத்தினா, நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு அது என்னிய உட்டுப் பூடும்."

முதலாளி மறுபடி வாயெடுப்பதற்குள் டாக்டர் வந்தார். செல்வி எழுந்து நின்று, குமார் அவளிடம் சொல்லியிருந்தபடி பட்டறை, மெஷின், சென்சார், அலமாரி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பழையதை அடித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

வேண்டுதல் என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இவளுக்கு அது முதுகை நிமிர்த்தியிருக்கிறது.

முதலாளி பொட்டலத்தை ஸ்டூலில் போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார். அதைத் தூக்கிக் குப்பையில் எறியப் போனேன். செல்வி என் கையிலிருந்து வாங்கி, பிரித்து, குமாரின் நெற்றியில் பூசிவிட்டாள்.

அவளுக்குச் சாமி மேல் என்ன கோபம்?