அன்னக்குட்டியின் பன்றிகளுக்கு ஒரு வக்கீல்

பக்கத்து வீட்டு இட்டியவிராவுக்கு நாற்றம் தாங்கவில்லையாம். அதற்காக அன்னக்குட்டியின் பன்றிக் கொட்டில் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்குள் காலியாக வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. புருஷன் போன பிறகு அவளுக்குப் பன்றியை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. மேல்முறையீடு செய்யலாம் என்று யாரோ சொன்னதும் தீர்ப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சங்கனாச்சேரிக்கு பஸ் ஏறினாள்.

அங்கே வக்கீல்களில் பாதிப் பேர் அவள் ஊர்க்காரர்கள், அக்கா முறை வைத்து 'சேடத்தி' என்று கூப்பிட்டு அவளிடம் கறி வாங்கித் தின்கிறவர்கள். யார் வீட்டுக்கு நெஞ்செலும்பு, யார் வீட்டுக்குக் கொழுப்பு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த உரிமையில்தான் போனாள். இட்டியவிரா தன் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று பைலி வக்கீல் கையை விரித்தார். குரியாக்கோஸ் வக்கீல் வாய்விட்டே சிரித்தார்.

"பன்னிக்கு அப்பீலா சேடத்தி? ஜட்ஜ் முன்னாடி மூக்கப் பொத்திக்கிட்டா வாதாடுறது? என் மானம் என்னத்துக்காகும்?"

"போன கிறிஸ்மஸுக்கு அந்தப் பன்னியோட காது வரைக்கும் கேட்டு வாங்கினீங்களே சாரே, அப்ப எங்க போச்சு அந்த மானம்?"

குமாஸ்தா சிரித்துத் தொலைத்தார். வக்கீல் அவளை வெளியே அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகை முட்டியது. அழுதால் இட்டியவிராவுக்குத்தான் கொண்டாட்டம் என்று அடக்கிக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் குருத்தோலை ஞாயிறு வந்தது. நோன்பு முழுக்க மீன்கூடத் தொடாமல் நாக்கு செத்துப்போயிருந்த ஊர், பூசை முடிந்த கையோடு ஈஸ்டருக்குக் கறி சொல்லிவைக்க அவள் வாசலுக்கு வந்துவிட்டது. முதல் ஆளாகக் கையில் குருத்தோலையோடு நின்றவர் குரியாக்கோஸ்.

"இந்த வருஷம் கறி இல்ல. கோர்ட்டு காலி பண்ணச் சொல்லிருச்சு. கர்த்தர் பாடுபட்ட வாரத்துல நான் கத்தி எடுக்க மாட்டேன். புதன்கிழமை எல்லாத்தையும் உசுரோட வியாபாரிகிட்டத் தள்ளிவிடப் போறேன். நீங்க முட்டைய அவிச்சுத் தின்னுங்க."

வாசல் சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. குரியாக்கோஸுக்கு வேர்த்தது. நாலு பெண்களைக் கட்டிக்கொடுத்த மனிதர். நாலு மருமகன்களும் ஈஸ்டருக்கு வருகிறார்கள். அன்றைக்குக் கறியில்லாமல் மருமகனுக்குச் சோறு போட்ட மாமனாரை ஊர் சாகும்வரை சொல்லிக் காட்டும்.

"அப்பீல நான் போடுறேன் சேடத்தி!"

"நீங்க எதுக்கு? நான் போடுறேன்," என்று பின்னாலிருந்து பைலி முண்டினார். இட்டியவிரா அப்படியொன்றும் நெருங்கிய சொந்தமில்லை என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"உங்களுக்கு மருமகன் எத்தனை பைலி சாரே?"

"ஒண்ணுதான்..."

"அப்ப குரியாக்கோஸ் சாரே போடட்டும். அவரால தோக்க முடியாது."

மூக்கைப் பொத்தாமலே குரியாக்கோஸ் ஏழை விதவையின் வயிற்றுப்பாட்டைப் பற்றி மேல்கோர்ட்டில் ஒரு பிடி பிடித்தார். புதன்கிழமை சாயங்காலம் தீர்ப்புக்கு ஸ்டே கிடைத்துவிட்டது.

ஈஸ்டர் காலையில் அண்டா மாதிரி ஒரு பாத்திரத்தோடு வந்து நின்றார். கறியை அள்ளிப் போடும்போது அன்னக்குட்டியின் கை நின்றது.

"ஸ்டே சரி சாரே. கேசு முடியும்போது தோத்துட்டா நான் எங்க போவேன்?"

"முடியுறதா? யாரு முடிய விடுறா? கடைசிப் பொண்ணு மாசமா இருக்கா. புள்ள பொறக்கணும், ஞானஸ்நானம் குடுக்கணும், அதுக்குள்ள கிறிஸ்மஸ் வந்துரும். நீ நெஞ்செலும்பப் போடு சேடத்தி."