தோழன்மாருக்கு நான் தேடிய பரிசு

அது ஒரு வெள்ளை ரிபன். ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரட்டைப் பின்னலில் மடித்துக் கட்டுகிற சாதாரண ரிபன். ஒரு முனையில் குண்டூசியால் குத்திய சிறு கடதாசியில், என் மாமியாரின் கையெழுத்தில், ‘பிள்ளையின்ர உயரம்’ என்று எழுதியிருந்தது. என் கல்யாணத்தன்று மாப்பிள்ளைத் தோழனாக நின்ற ஒருவருக்கு நான் கொடுத்த பரிசு அதுதான்.

அவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். மொன்ட்ரியால் நகரத்துப் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடொன்றில் ஆறு வருடம் ஒன்றாக இருந்தோம். நான் மன்னார்க் கத்தோலிக்கன். அவர் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் ஒரு பேக்கரியில் மாக் குழைத்தேன், அவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தபோது, மனைவியையும் இரண்டு வயது மகளையும் அங்கேயே மாமனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர். அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, இரக்க அடிப்படையில் போட்ட இரண்டாவது விண்ணப்பத்துக்கு வருடக்கணக்காகப் பதில் வராமல் இருந்தது. அந்தப் பதில் வராமல் அவர்களை இங்கே கூப்பிட முடியாது. தான் போனால் திரும்பி வரவும் முடியாது.

ஊரில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணப்பெண் ஒன்பது வயதில் மொன்ட்ரியாலுக்கு வந்தவள், வில்லரேயில் ஒரு கார்டெறியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. இங்கத்தைய வழக்கப்படி, தன்னோடு நிற்கிற தோழன்மாருக்கு மாப்பிள்ளை ஏதாவது பரிசு கொடுக்க வேண்டும் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். எனக்கு மூன்று தோழன்மார். மொன்ட்ரியால்-நோரில் வளர்ந்த என் மச்சான், எங்களோடு அதே வீட்டில் இருந்த டாக்ஸி ஓட்டும் சிநேகிதன், அண்ணை. பெயர் பொறித்த பேனா மூன்று வாங்கினால் முடிந்தது என்று நினைத்து ஒரு கடைக்குப் போனேன். அங்கே நின்ற பெண் எங்கள் பெயர்களின் நீளத்தைப் பார்த்துவிட்டு, பேனா போதாது என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாள்.

“பேனை வேண்டாம். மூண்டு பேருக்கும் ஒரே சாமான் குடுத்தால் அது யூனிஃபோம் மாதிரி,” என்றாள் என்னவள். “ஒவ்வொருத்தரிட்டயும் என்ன இல்லையெண்டு யோசியுங்கோ.”

மச்சானுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரவல் வாங்கி வாங்கியே அவன் தன்னுடையதாக்கிக்கொண்ட என் தோல் ஜாக்கெட்டைத் துடைத்து மடித்துப் பெட்டியில் வைத்தேன். சிநேகிதனுக்குக் குளிரில் விரல் வெடித்து ரத்தம் கசியும். உள்ளே ஆட்டு ரோமம் வைத்த கையுறை வாங்கினேன். அண்ணையிடம் வந்தபோதுதான் நின்றுவிட்டேன். ஆறு வருடமாக அவர் வைத்த குழம்பைச் சாப்பிட்டிருக்கிறேன். அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை.

அதன் பிறகுதான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். சம்பளம் வந்த சனிக்கிழமைகளில் அவர் ஜான் டாலோன் தெருவிலுள்ள துணிக்கடைக்குப் போவார். சின்னப் பிள்ளைகளின் சட்டைகளை எடுத்து, தன் முழங்காலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். யாராவது ஊருக்குப் போனால் அவர்கள் கையில் கொடுத்துவிடுவார். சட்டை அளவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன் என்று மனைவி எழுதுவார். அடுத்த தடவையும் அதே அளவில்தான் வாங்குவார். மகளின் படம் ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் அதில் அவள் கதிரையில் உட்கார்ந்திருந்தாள், உயரம் தெரியாது.

என் வருங்கால மாமியார் மடுமாதாவுக்கு வைத்த நேர்த்தியைத் தீர்க்கக் கல்யாணத்துக்கு முன் ஊருக்குப் போக இருந்தார். வன்னிக்குப் பாதை திறந்திருந்த காலம். அங்கேயும் போய் அண்ணையின் பிள்ளையின் உயரத்தை அளந்துகொண்டு வர முடியுமா என்று கேட்டேன். ஒரு மறுப்பும் சொல்லாமல் போனார். அளவு நாடாவை மறந்துவிட்டதால், பிள்ளைக்கென்று கொண்டுபோன ரிபன் சுருளிலிருந்தே அவள் உயரத்துக்கு வெட்டி எடுத்து வந்தார். அதைக் கையில் வாங்கியபோது, உலகத்தில் எவரும் எவருக்கும் இதைவிட நல்ல பரிசு தேடியிருக்க மாட்டார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

தோழனாக நிற்கக் கேட்டபோது அண்ணை தயங்கினார். “நான் சைவக்காரன். உங்கட சுவாமியார் என்னைப் பீடத்தடியில விடுவாரே?” என்றார். பங்குச் சுவாமியார் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். கல்யாணத்தன்று கோயிலின் கீழ்த்தளத்திலிருந்த சிறிய அறையில் நால்வரும் கோட்டும் சூட்டுமாகத் தயாராகி நின்றோம். பரிசுகளைக் கொடுத்தேன். மச்சான் ஜாக்கெட்டைக் கண்டு கூச்சலிட்டான். அண்ணை உறையைப் பிரித்தார், கடதாசியை வாசித்தார். பிறகு ஒரு முனையைத் தன் சப்பாத்தின் கீழே வைத்து மிதித்துக்கொண்டு, மறு முனையை மெதுவாக மேலே இழுத்தார். அது முழங்காலைத் தாண்டியது. இடுப்பைத் தாண்டியது. அவருடைய கோட்டின் மேல் பொத்தானுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது.

“இவ்வளவோ?” என்றார்.

ரிபனைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனார். மேலே ஓர்கன் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். மணப்பெண்ணின் கார் வந்துவிட்டது. அண்ணையைக் காணவில்லை. மச்சான் தேடிப்போய், பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். முகம் கழுவியிருந்தார். பூசை முடியும்வரை என் பக்கத்தில் நேராக நின்றார். கல்யாண வீடியோவில் எல்லோரும் எங்களைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் பூக்கூடையோடு நின்ற சிறுமியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. அவர் தன் மனதுக்குள் இரண்டு வயதிலேயே பத்திரமாக வைத்திருந்த பிள்ளையை நான் ஒரு நிமிடத்தில் அவரிடமிருந்து எடுத்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அவரைப் பார்க்கப் போனேன். பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார். அடுப்பைப் பார்த்தபடியே, “நான் ஊருக்குப் போறன்,” என்றார்.

“என்ன அண்ணை கதைக்கிறியள்? இவ்வளவு காலம் பொறுத்திட்டியள். கடுதாசி வரும், இன்னும் கொஞ்சம் பொறுங்கோ.”

“நான் பொறுப்பன். அவள் வளராமல் பொறுப்பாளே?”

சண்டை திரும்ப வரும் என்றேன், வந்தால் வெளியே வர முடியாது என்றேன். எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்றார். பனி கரைந்தவுடன் புறப்பட்டார். விமான நிலையத்தில் என் மனைவியின் தலையில் கைவைத்து, “இவனுக்குச் சமைக்கத் தெரியாது, பாத்துக்கொள்,” என்றார். போய்ச் சேர்ந்த பிறகு ஒருமுறை தொலைபேசியில் பேசினார். மகள் முதல் மூன்று நாளும் தன்னை ‘மாமா’ என்று கூப்பிட்டாள், நாலாம் நாள்தான் ‘அப்பா’ என்றாள் என்று சொன்னார். அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தை மொன்ட்ரியாலில் ஆறு வருடமும் நான் கேட்டதில்லை.

பிறகு சண்டை வந்தது. பாதை மூடியது. கடிதங்கள் குறைந்து, இல்லாமல் போயின. கடைசி மாதங்களில் நாங்கள் இங்கே வானொலியையும் இணையத்தையும் பார்த்தபடி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். ஜான் டாலோன் துணிக்கடையைக் கடக்கும்போது நான் தெருவின் மறுபக்கத்துக்கு மாறிவிடுவேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரு செய்தி வந்தது. கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்தில் ஷெல் விழுந்து அண்ணை போய்விட்டார். மனைவியும் மகளும் முகாமில் இருக்கிறார்கள். அன்று என் மனைவி என்னைத் தனியே விடவில்லை. “நீங்கள் அவரை அனுப்பேல்லை. அவர் போனவர்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் தலையாட்டினேன். நம்பவில்லை.

அந்த வருடக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குப் புறப்படும் நேரத்தில் தொலைபேசி அடித்தது.

“சித்தப்பாவே கதைக்கிறது?”

முகாமை விட்டு வந்து வவுனியாவில் உறவுக்காரர் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள் அண்ணையின் மகள். பதின்மூன்று வயது. என் இலக்கத்தை அப்பா அவளுக்குப் பாடமாக்கித் தந்திருந்தாராம். என்னால் வழமைபோல் சுகம் விசாரிக்க முடியவில்லை. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததுதான் முதலில் வந்தது.

“பிள்ளை, என்னாலதான் அப்பா அங்க வந்தவர். நான் பேசாமல் இருந்திருந்தால் இங்க உயிரோட இருந்திருப்பார்.”

பிள்ளை சொன்னாள்: “வராட்டில் எனக்கு அவரைத் தெரியாது, சித்தப்பா. நாலு வருசம் எங்களோட இருந்தவர்.”

நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதவடியில் உட்கார்ந்தேன்.

“அங்க அவர் எப்பிடி இருந்தவர்?” என்று கேட்டாள். “கேட்டால் சிரிப்பார், சொல்ல மாட்டார். அம்மாவுக்கும் ஒண்டும் தெரியாது. நீங்கள் சொல்லுங்கோவன்.”

அவளுடைய அழைப்பு நேரம் முடிந்துவிடும் என்று, வைக்கச் சொல்லிவிட்டு நானே திரும்ப எடுத்தேன். என் மனைவி எங்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போனாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. முதல் குளிர்காலத்தில், மெட்ரோ வாசலில், இரண்டு கையிலும் அரிசி மூட்டையோடு அவர் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னேன். தூக்கிவிட ஓடிவந்த வெள்ளைக்காரக் கிழவியும் வழுக்கி அவர்மேலேயே விழுந்ததையும், எழும்ப முடியாமல் இருவரும் பனியில் கிடந்து ஒருவருக்கொருவர் ‘மெர்சி, மெர்சி’ என்று சொல்லிக்கொண்டதையும் சொன்னேன். மறுமுனையில் பிள்ளை அதைத் தாய்க்குத் திருப்பிச் சொன்னாள். முதலில் அவள் சிரிப்பது கேட்டது. சற்றுப் பொறுத்து, நான் அதுவரை கேட்டிராத இன்னொரு பெண்ணின் சிரிப்பும் கேட்டது.