காப்பிக்கடை வண்டி

எங்களுக்குக் கல்யாணமான மறுவருஷம் என் வீட்டுக்காரர் தன் பழைய புல்லட்டைப் பிரித்துப் போட்டார். எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவர் ஃபிட்டர். மில்லில் புது மிஷின் பூட்டிக் கொடுக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது கையிலிருந்த பைக் புத்தகத்தை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வந்தது வினை. தணிந்த ஹேண்டில்பார், நீண்ட டேங்க், ஒரே ஒரு ஆள் உட்காரும் சீட்டு, அதற்குப் பின்னால் காளைமாட்டுத் திமில் மாதிரி ஒரு மேடு. அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னவள் நான்தான். கஃபே ரேசர் என்று போட்டிருந்தது. இங்கிலாந்தில் வாலிபப் பையன்கள் ஒரு காப்பிக்கடையிலிருந்து இன்னொரு காப்பிக்கடைக்குப் பந்தயம் விடுவதற்காகத் தங்கள் கையாலேயே மாற்றிக்கொண்ட வண்டியாம். ஒரு வாய் காப்பிக்கு இத்தனை பாடா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் காப்பிக்கடை வண்டி என்று பேராகிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. விறகு வெளியே போனது, எஞ்சின் உள்ளே வந்தது. என் தையல் மெஷினும் அங்கேதான் கிடந்தது என்பதால், ஒரு பக்கம் நான் ஜாக்கெட் தைக்க, மறுபக்கம் அவர் அரம் போட்டு ராவிக்கொண்டிருப்பார். ட்ரங்குப் பெட்டி செய்கிறவர் திமிலைத் தகரத்தில் தட்டிக் கொடுத்தார். மில்லில் தேய்ந்துபோய்க் கழித்த ரப்பர் உருளை உறைகளைக் என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கிவந்து கால் வைக்கும் கம்பிக்கு மாட்டினார். கார்பரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவுவது என் வேலை. எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று அவர் கேட்பதற்கு முன்னால் எடுத்துக் கொடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். பொய் சொல்லக்கூடாது, அந்த நாட்கள் சந்தோஷமாக இருந்தன.

சந்தோஷம் சீட்டு தைக்கும் நாள் வரைதான். கறுப்பு ரெக்சினை விரித்து அளவு சொன்னார். பாதியிலேயே நின்றது அளவு. மிச்சம் எங்கே என்று கேட்டேன்.

“மிச்சம் திமிலு. இது ரேசரு, ஒத்த ஆளுதான்.”

“அப்ப நான் எங்க உக்கார?”

அவர் டேங்கைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் காதில் விழட்டும் என்றே சத்தம் போட்டேன்: “சாமி சத்தியமா அந்த வண்டியில, கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிட்டாலும் ஏற மாட்டேன்.” ஆனாலும் சீட்டைப் பிசகில்லாமல் தைத்துக் கொடுத்தேன். கோபம் வேறு, தையல் வேறு.

வண்டி ஓட ஆரம்பித்ததும் தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு அக்கா, கூட்ஸ் வண்டியில்கூடக் கடைசியில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது, உன் வீட்டுக்காரர் வண்டியில் உனக்கு இல்லையே என்றார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மா வீட்டுக்குப் போவதானால் நான் பஸ்ஸில் போவேன். பஸ்ஸுக்குப் பின்னாலேயே இவர் குனிந்தபடி வண்டியில் வருவார். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்தது. வத்திராயிருப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியை. வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்துவைத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த வேலை. ஆர்டர் அம்மா வீட்டு விலாசத்துக்குப் போய், அங்கிருந்து என் கைக்கு வந்து சேர்ந்தபோது ஒரு நாள்தான் மிச்சம். மறுநாள் மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். விடிந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் பஸ் ஸ்டிரைக். ஒரு வண்டி நகரவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.

இரவு ஷிப்ட் முடிந்து அவர் அப்போதுதான் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். ஸ்பேனரை எடுத்து, திமிலைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளைக் கழற்றித் திமிலைத் தூக்கினார். அடியில் வெறும் தகரம் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு குட்டி மெத்தை இருந்தது. நான் வெட்டிக் கழித்த ரெக்சின் துண்டுகளை ஒட்டுப்போட்டு, சாக்கு தைக்கும் ஊசியை வைத்துக் கையாலேயே தைத்தது. ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை. கோணலும் மாணலுமாக வரி ஓடியிருந்தது. டூல்ஸ் பெட்டியிலிருந்து பின் ஆள் கால் வைக்கும் கம்பிகள் இரண்டையும் எடுத்துப் பூட்டினார்.

“எப்ப தச்சீக?”

“நீ உங்க அம்மா வீட்டுல தங்கியிருந்தப்ப. கூப்பிட்டாலும் ஏற மாட்டேன்னு சொல்லிட்டேல்ல. அதான் கூப்பிடல.” கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். “இப்பவும் கூப்பிடல. வண்டி வாசல்ல நிக்குது.”

யாரும் கூப்பிடாமல் நானே ஏறினேன். சத்தியம் தப்பவில்லை. எதிர்வீட்டு அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். தூக்கம் இல்லாத கண்ணோடு அவர் ஓட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்ததும் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், இன்னொரு கையால் அவர் சட்டையைப் பிடித்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டபோது மத்தியான மணி இன்னும் அடித்திருக்கவில்லை. என் சேலையில் கிரீஸ் அப்பியிருந்தது. ஹெட்மாஸ்டர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி இருந்துகொண்டார்.

திமிலை அவர் மறுபடி பூட்டவே இல்லை. கொட்டகையில் அது கோழி அடைகாக்கிற கூடாகிவிட்டது. தினமும் காலையில் அந்த வண்டியில்தான் என்னை பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விடுவார். நான் சாப்பிட்ட சம்பளச் சோறெல்லாம் அந்த ஒரு காலையால் கிடைத்தது. அதை அவரிடம் வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். “சரி, சரி” என்பார்.

தொண்ணூறுகளில் ரெக்சின் கிழியக் கிழிய முன் சீட்டை எத்தனையோ தடவை மாற்றித் தைத்தேன். பின் சீட்டில் மட்டும் கை வைக்கவில்லை. வகுப்பில் எந்தப் பிள்ளை கோணலாகத் தைத்தாலும் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்லுவேன். அப்படிச் சொல்லுவதற்காகத் தினமும் அந்தக் கோணல் தையலில் உட்கார்ந்துதான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன்.