பெரட்டில் திறக்காத பக்கம்

போன வருடம் மழைக்காலத்தில், மலேசியாவில் லிங்கி பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் நடந்தது இது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, அவரவர் கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து ‘வந்தேன்’ என்று அழுத்தச் சொல்லிவிட்டது நிர்வாகம். அந்தப் பக்கத்தைச் செய்தது, சிரம்பானில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த கம்பெனி. என் அம்மா அந்தத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர்.

முதல் வாரமே வீட்டில் எனக்கு அர்ச்சனை.

“மண்டோர் கண்ணு முன்னாடிதான் நிக்கிறேன். ஒங்க பேஜு நான் வரலைன்னு சொல்லுது. அன்னிக்கிச் சம்பளம் போச்சே, யார்கிட்ட போய்க் கேக்குறது?” என்றார் அம்மா.

மறுநாள் கூடவே போய்ப் பார்த்தேன். லைன் சரியாகக் கிடைக்காத அந்த இடத்தில், வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். ஒரே ஒரு பொத்தானுக்காக, இப்போது எல்லாரும் புகழும் ஒரு பெரிய ஃபிரேம்வொர்க்கை, ஆயிரம் வேலைக்கு முன்கூட்டியே எழுதிவைத்த நிரல் மூட்டையை, போட்டிருந்தார்கள். அந்த மூட்டை முழுவதும் கைப்பேசிக்கு வந்து இறங்கினால்தான் பொத்தானே கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் டீம் லீடரிடம் சொன்னேன். கோலாலம்பூரில் எல்லாரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், பழைய போனை மாற்றச் சொல் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்தி. என் புத்தி அன்றைக்கு லீவு போட்டுவிட்டது. சனி, ஞாயிறு உட்கார்ந்து, ஃபிரேம்வொர்க் எதுவும் இல்லாமல் இணையப் பக்கத்தின் அடிப்படை மொழியான வெறும் எச்டிஎம்எல்லில் அதே பக்கத்தை எழுதினேன். ஒரு பெயர், ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடப் பிள்ளை செய்தது மாதிரி இருக்கிறது என்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சிரித்தார் லீடர்.

“நாளைக்குப் பெரட்டுக்கு வாங்க, பாஸ். எங்கம்மா போன்ல ரெண்டையும் தொறப்போம். ஒங்களது தொறந்துச்சுன்னா நானே வேலைய விட்டுப் போயிடுறேன்” என்றேன்.

வீம்புக்கென்றே வந்தார். காலில் போட்டிருந்த பளபளப்பான சப்பாத்தெல்லாம் சேறு. அம்மாவின் போனில் அவருடைய பக்கம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. தன்னுடைய புது போனை எடுத்துப் பார்த்தார். அதிலும் அதே வட்டம்தான். என்னுடையது உடனே திறந்தது. அம்மா அழுத்திவிட்டு, சாக்கை எடுத்துக்கொண்டு லோரியில் ஏறிப் போய்விட்டார்.

“சரி, ஒன்னோடதையே போட்டுக்கலாம். ஆனா நீ டீமுக்கு அடங்குற ஆளு இல்லலா. அத நான் மேல எழுதத்தான் செய்வேன்” என்றார் லீடர்.

“எழுதுங்க பாஸ், உண்மதானே” என்றேன்.

எழுதினார். என் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போனது. மண்டோர் சாட்சி சொன்னதால், விட்டுப்போன நாட்களின் சம்பளம் எல்லாருக்கும் வந்து சேர்ந்தது.

புது ஃபிரேம்வொர்க் ஏதாவது வந்தால் இன்றும் ஆசையாகத்தான் படிக்கிறேன், அவற்றின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் வேலைக்கு வந்து நிற்கிற மனுஷியை வரவில்லை என்று சொல்லும் எதையும், யார் சொன்னாலும், எத்தனை முறை என்னை அடங்காதவள் என்று எழுதினாலும், என் கையால் செய்ய மாட்டேன்.