ஃபிளெக்ஸ் போர்டில் வந்த மருந்து

2007-இல் எங்கள் கல்லூரி வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு வைத்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த திண்டுக்கல்லின் தங்க மகளே!’ என்று பெரிய பெரிய எழுத்து. நடுவில் அறிவுச்செல்வி பல் தெரியச் சிரிக்கிறாள். ஆண்டு விழாவில் பரிசு வாங்கியபோது எடுத்த படம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? அதெல்லாம் எதற்கு!

வேடசந்தூர் மில்லில் அப்பா ஷிஃப்ட் பார்த்துப் படிக்கவைத்த பெண் அவள். வாயைத் திறந்தால் பட்டாசு. நானும் அவளும் ஒரே ஆய்வகத்தில் பிஎச்டி செய்தோம். செல் தாறுமாறாகப் பெருகாமல் பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு காவல் புரதம் உண்டு. அதன்மேல் ‘யுபிக்விட்டின்’ என்ற அடையாளத்தை ஒட்டிவிட்டால் செல்லே அதை அழித்துவிடும். ஒட்டுகிற வேலையைச் செய்வது லைகேஸ் என்ற நொதி. சில புற்றுநோய்களில் அது அளவில்லாமல் ஒட்டித் தள்ளுகிறது. அந்த நொதியைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருளைத்தான் அறிவுச்செல்வி சோதித்தாள். பிளாஸ்டிக் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களில் பாதி செத்தன. அவ்வளவுதான். ஒரு எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்த்ததில்லை. அட்மிஷன் நேரம் பார்த்து நிர்வாகம் அதை மருந்தாக்கிவிட்டது.

“அதை எடுங்க சார்,” என்று முதல்வரிடம் கேட்டாள்.

“காலேஜுக்குப் பெருமைதானம்மா, இருந்துட்டுப் போகட்டும்,” என்றார் அந்த மனிதர்.

அப்புறம் ஒருநாள் கன்னிவாடியிலிருந்து ஆண்டிச்சாமி என்ற விவசாயி எங்களைத் தேடி வந்தார். மனைவி சுந்தரம்மாளுக்கு மார்பில் புற்று.

“மதுரையில ஊசி போட்டுக்கிட்டு இருந்தோம் தாயி. முடியெல்லாம் கொட்டிப்போச்சு, ஒரே வாந்தி. ஒங்க போர்டப் பாத்ததும் நிறுத்திட்டோம். அந்த மருந்தக் குடு தாயி.”

“யாரக் கேட்டுய்யா நிறுத்துனீக?” அறிவுச்செல்வி கத்தியேவிட்டாள். “இது மருந்தே இல்லய்யா! ஒடம்புக்குள்ள போனா என்ன செய்யும்னு எனக்கே தெரியாது!”

“ஏழபாழைக்கெல்லாம் தரமாட்டீகளாக்கும்,” என்றார் அவர்.

ச்சே! அந்த வார்த்தையை அவள் கேட்க வேண்டியிருந்ததே. விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். ஆண்டிச்சாமியும் பின்னாலேயே வந்தார். போர்டின் மூலையைப் பிடித்து இழுத்துக் கிழித்தாள். முதல்வர் ஓடிவந்தார்.

“ஏம்மா, பிஎச்டி முடிக்கிற எண்ணமே இல்லையா?”

“இவரு சம்சாரம் உசுருக்கு நீங்க பொறுப்பு ஏத்துக்கிறீங்களா சார்? ஏத்துக்கிட்டா நானே திருப்பி மாட்டிர்றேன்.”

முதல்வர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் நாங்கள் இருவரும் கன்னிவாடிக்குப் போய், சுந்தரம்மாளை பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போனோம். ஊசி நின்றுபோன இடைவெளியில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. டாக்டர் எல்லோரையும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு ஊசியைத் தொடங்கினார். மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது சுந்தரம்மாள் அறிவுச்செல்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போர்டுல இருந்தது நீதான தாயி?”

“ஆமாம்மா.”

“ஊசிய நிறுத்த வேணாம்னுதான் அவரு சொன்னாரு. நாந்தேன் கேக்கல. இம்புட்டு சந்தோசமாச் சிரிக்கிற புள்ள பொய்யா சொல்லப்போகுதுன்னு நெனச்சுட்டேன்.”