ட்வைலாவின் கிரேக்க வகுப்பும் கருகிய பாத்திரமும்

எங்கள் மிசோரி மலைப்பக்கத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் கொஞ்சம் அதிகம். வியாழக்கிழமை மட்டும் சர்ச்சின் கீழ்க்கூடத்தில் எல்லோரும் கூடுவோம். அம்மாக்களே பாடங்களைப் பங்கு போட்டுக்கொள்வோம். வேதியியல் என் பங்கு. சமையல் சோடாவும் வினிகரும் கடையில் கிடைக்கும்வரை என் பிழைப்புக்குப் பங்கமில்லை. பங்கு பிரிக்கும் கூட்டம் ஆகஸ்டில் நடக்கும். அதற்கு வராதவள் தலையில் மிச்சம் கிடக்கும் பாடம் விழும்.

அந்த வருடம் ட்வைலா ஸ்டட்சர் வரவில்லை. பருவம் தப்பிச் சினையான அவளுடைய ஆடு அன்றைக்கென்று பார்த்துக் குட்டி போட்டது. மிச்சம் கிடந்ததோ பண்டைய கிரேக்கம். பிள்ளைகள் புதிய ஏற்பாட்டை மூலமொழியில் படிக்க வேண்டும் என்று எல்லா அம்மாவுக்கும் ஆசை. கற்றுக்கொடுக்கத்தான் ஒருத்திக்கும் ஆசையில்லை.

ஐந்து பிள்ளை, ஒரு கொட்டகை ஆடு. கல்லூரியை முதல் வருடமே விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள் ட்வைலா. செய்தி கேட்டு எங்கள் தலைவி வெர்னாவுக்குப் போன் போட்டாள்.

"வெர்னா, எனக்கு அதுல ஒரு எழுத்துகூடத் தெரியாதுடி!"

"புஸ்தகம் இருக்குல்ல? பிள்ளைங்களுக்கு ஒரு பாடம் முன்னாடி போனா போதும். ஆட்டைக் கேட்டதாச் சொல்லு."

ட்வைலா பால் கறக்கும் மேடையில் புத்தகத்தைச் சாத்தி வைத்துக்கொண்டு படித்தாள். எங்கள் வட்டாரத்தில் கிரேக்கத்தை முதலில் கேட்டவை ஆடுகள்தான். அவை குறை ஒன்றும் சொல்லவில்லை.

வகுப்பில் நடந்ததை எனக்குப் பிள்ளைகள்தான் சொன்னார்கள். யாராவது கேள்வி கேட்டால் ட்வைலா, "நல்ல கேள்வி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்பாள். இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் வேனில் வகுப்புக்கு வரும் ஒன்பது வயது திர்சா எழுந்து நின்றாள். கண் எல்லாம் குறும்பு அவளுக்கு.

"மிஸ் ட்வைலா, உங்களுக்கே தெரியாதுதானே?"

நானாக இருந்தால் தொண்டையைச் செருமி வேறு பேச்சுக்குத் தாவியிருப்பேன். ட்வைலா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"தெரியாது கண்ணு. நானும் உங்ககூடத்தான் படிக்கிறேன். சரி, பந்தயம் வெச்சுக்கலாமா? நான் பண்ற தப்பை யார் கண்டுபிடிச்சாலும், அன்னிக்கு அவங்க கழுவ வேண்டிய பாத்திரத்தை நான் கழுவுறேன்."

இது எவ்வளவு பெரிய வாக்கு என்று எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவோம். உருளைக்கிழங்குத் துருவலும் சீஸும் சேர்த்துச் சுட்ட தட்டு மட்டுமே நான்கைந்து வரும். சீஸ் காய்ந்து அடியில் பிடித்துவிட்டால் உளிதான் வேண்டும். பிள்ளைகள் முறை வைத்துக் கழுவ வேண்டும்.

அவ்வளவுதான். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? கோழிக்குத் தீவனம் போடும்போதும் கிரேக்கம், வேனில் வரும்போதும் கிரேக்கம். புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடும் என் மூத்தவன் ஜூபல், டிராக்டர் மேல் உட்கார்ந்து பின்பக்கத்துப் பாடங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். ட்வைலாவும் விடவில்லை. அவர்கள் மூன்று பாடம் முன்னால் போனால் இவள் நான்கு பாடம் போனாள். அப்படியும் வாரம் தவறாமல் யாரிடமாவது மாட்டுவாள்.

வெர்னா கண்ணில் பட்டது வேறு. வியாழன்தோறும் ட்வைலா மட்டும் முழங்கைவரை நுரையோடு நிற்கிறாள், பிள்ளைகள் வெளியே பந்து விளையாடுகிறார்கள்.

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? வாரா வாரம் தப்பாச் சொல்லிக் குடுக்கிறா," என்றாள் வெர்னா. "நம்ம பாஸ்டர் பெட்டஸ் பாஸ்டர் ஆகிறதுக்காகச் செமினரியில கிரேக்கம் படிச்சவரு. ஓய்வெடுத்துட்டுச் சும்மாதான் இருக்காரு. ஒருநாள் வந்து வகுப்பைப் பார்க்கட்டும். அவர் சொல்றதைக் கேட்டு முடிவு பண்ணுவோம்."

அன்று ட்வைலா என் வண்டிக்குள் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் எனக்குன்னு நான் படிச்சது இது ஒண்ணுதாண்டி. இதையும் பிடுங்கிட்டா நான் மறுபடியும் வெறும் ஆட்டுக்காரி."

எனக்கு வெர்னா மேல் கோபம் கோபமாக வந்தது.

விஷயம் பிள்ளைகளுக்கும் எட்டிவிட்டது. பாஸ்டர் வரும் நாளில் மிஸ் ட்வைலா என்ன தப்புச் செய்தாலும் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று திர்சா எல்லோரிடமும் சத்தியம் வாங்கிவிட்டாள். என் வேனின் பின்சீட்டில்தான் இந்தச் சதி நடந்தது. எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

அந்த வியாழன் பாஸ்டர் பெட்டஸ் சின்னப் பிள்ளைகள் நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார். பக்கத்தில் வெர்னா. பின்சுவரோரம் நான்.

ட்வைலா பலகையில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பினாள். பிள்ளைகள் தேவதூதர்கள் போல உத்தரத்தைப் பார்த்தார்கள். இரண்டாவது வரி எழுதினாள். ஒரு சத்தமும் இல்லை. ட்வைலாவின் காது சிவந்தது. பாஸ்டரின் புருவம் ஏறியது.

"பிள்ளைங்களா, போர்டுல எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு பாஸ்டர்!" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

அவர் பெருமூச்சு விட்டார். வெர்னா 'நான் சொல்லலையா' என்று தலையாட்டினாள். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இந்த வாண்டுகள் அவளுக்குக் குழி தோண்டுகின்றனவே என்று எனக்குப் பதறியது. ட்வைலா மூன்றாவது வரியை எழுதினாள்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து கருகல் வாடை வந்தது. வெர்னாவின் பன்றித்தொடை இறைச்சியில் தடவிய வெல்லச்சர்க்கரை, பாத்திரத்தோடு தீய்ந்துகொண்டிருந்தது. அன்று கழுவும் முறை திர்சாவுடையது. அவள் மூக்கு விடைத்தது. உதட்டைக் கடித்தாள். கண்ணை மூடிக்கூடப் பார்த்தாள்.

"மூணாவது வரி தப்பு!" என்று வீறிட்டாள்.

"முதல் வரியும் தப்பு! நான் அப்பவே பார்த்துட்டேன்!" என்று எழுந்தான் ஜூபல்.

"சத்தியம் பண்ணினேல்ல நீ?" என்று அவன் மேல் பாய்ந்தாள் திர்சா.

"நீ மட்டும் யோக்கியமா?"

கூடம் சந்தைக்கடை ஆகிவிட்டது. பாஸ்டர் கைதூக்கி அடக்கி, மூன்று வரியிலும் ஒவ்வொரு தப்பும் ஏன் தப்பு என்று கேட்டார். முந்திக்கொண்டு சொன்னார்கள். திருத்தியும் எழுதிக் காட்டினார்கள்.

"அப்புறம் ஏன் எல்லாம் சரின்னு பொய் சொன்னீங்க?"

திர்சாவின் கண் கலங்கிவிட்டது. "நீங்க மிஸ் ட்வைலாவை அனுப்பிடுவீங்கன்னுதான்."

பாஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வெர்னா, நான் வந்தா இதுங்க தூங்கிடும்மா. எனக்குச் சரியாச் சொல்லிக் குடுக்க மட்டும்தான் தெரியும்."

சாப்பாட்டு மேசையில் அம்மாக்கள் எல்லோரும் ட்வைலாவுக்கே கை தூக்கினோம். கல்விமேல் உள்ள அக்கறை பாதி. அவள் போய்விட்டால் பாத்திரம் கழுவச் சொல்லிப் பிள்ளைகளோடு மறுபடியும் மல்லுக்கட்ட வேண்டும் என்ற பயம் மீதி. வெர்னா கூடக் கை தூக்கினாள், தன் கருகிய பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே.

தொட்டியருகே ட்வைலா கம்பிச்சுருளால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் துணியோடு போய் நின்றேன்.

"உண்மையைச் சொல்லுடி. அந்த மூணு தப்பும் வேணும்னே பண்ணினதுதானே?"

"முதல் ரெண்டும் வேணும்னேதான். பிள்ளைங்க பிடிப்பாங்க, பாஸ்டருக்குப் புரியும்னு நெனச்சேன். ஒண்ணும் வாயைத் திறக்கலையா, எனக்குப் பயமாப் போச்சு."

"மூணாவது?"

அவள் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அது தப்புன்னே திர்சா சொல்லித்தாண்டி எனக்குத் தெரியும்."